ரொட்டி ஆறிவிட்டதா என்று கேட்ட ஓநாய்

கடலோரத்தில் ஒரு குப்பம் இருந்தது என்று ஆரம்பிக்க என்னால் முடியாது, ஏனென்றால் அது இருந்த குப்பம் இல்லை, இருக்கிற குப்பம், நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன், அங்கேதான் தண்ணீர் பிடிக்கிறேன், அங்கேதான் என்னைக் கண்டால் பொம்பளைகள் பேச்சை நிறுத்துகிறார்கள். அவர்களுடைய பனியை நான் விரட்டிவிட்டேனாம். கத்திரி வெயிலில், மணல் செருப்பையும் தாண்டிச் சுடுகிற நாளில், எங்கள் தெருவின் கடைசி வீட்டு வாசலில் ஒரு பாய் அகலத்துக்கு முப்பத்தேழு நாள் பனி கொட்டியது, அந்தப் பனிக்கு நடுவில் ஒரு ஓநாய் உட்கார்ந்திருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாதியில் விட்ட கதைக்குள் இருக்கிறது வேறு எங்கே போகும், வாசலுக்குத்தான் வரும். எனக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அஞ்சாவது வரைக்கும் படித்த கையெழுத்தில் அந்தக் கோபத்தைத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கடைசி வீடு யாரினா அக்காவுடையது. உக்ரைன் தேசத்துக்காரி. பத்து வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில் காகிதம் செய்கிற பட்டறைக்கு வேலை பழக வந்து, மூன்று வருஷம் இருந்து, எங்கள் மீன் ஏலத்தில் நின்று நின்று தமிழ் படித்துக்கொண்டு, ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, அங்கே சண்டை வந்ததும் புருஷனைச் சண்டையில் விட்டுவிட்டு மகளை இடுப்பிலும் ஒரு பையைத் தோளிலுமாகத் தூக்கிக்கொண்டு மறுபடி இங்கேயே வந்து இறங்கினவள். நான் அவள் வீட்டில் பெருக்குவேன், துணி துவைப்பேன், மகளைப் பார்த்துக்கொள்வேன். எனக்கு வாய் வராது. யாராவது ஏதாவது கேட்டால் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுவேன். மீன் ஏலத் தமிழில் அக்கா என்னைத் திட்டுவாள்.

"ஏண்டி பூங்கா, வாய் இருக்கா, இல்ல வாடகைக்கு வுட்டுட்டியா?"

பூங்காவனம் என்ற பேரை யாரும் முழுசாகக் கூப்பிட்டது கிடையாது. என் மாமியார் கெங்கம்மா கூப்பிடுகிற பேர் வேறு: ஊமைக் கோட்டான்.

அக்கா வந்த உடனே செய்த முதல் வேலை, வீட்டுக்குள்ளேயே களிமண்ணால் ஒரு அடுப்பு கட்டியது. ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிசு. "வெந்து சாகுற ஊர்ல வீட்டுக்குள்ள சூளை போடறா பாரு" என்று தெருவே வந்து பார்த்துச் சிரித்தது. அவள் ஊர்க் கறுப்பு ரொட்டிக்கு வேண்டிய தானியம் இங்கே கிடைக்காததால் கேழ்வரகையும் கோதுமையையும் கலந்து, ராத்திரியே பிசைந்து புளிக்க வைத்து, உடைந்த துடுப்பு ஒன்றில் வைத்து அடுப்புக்குள் தள்ளுவாள். அடுப்பு காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பிடி மாவை உள்ளே வீசி, அது கறுக்கிற வரைக்கும் எண்ணுவாள். பத்து எண்ணுவதற்குள் கறுத்தால் சூடு அதிகம், இருபது தாண்டினால் இன்னும் விறகு. இதை எனக்கும் பழக்கினாள். சுட்ட ரொட்டி பாறாங்கல் மாதிரி இருக்கும், உள்ளே சூடு சாயங்காலம் வரைக்கும் அடங்காது.

தினம் மத்தியானம் மூன்று மணிக்கு அவளுடைய அம்மா பராஸ்கா போன் பண்ணுவாள். அங்கே அப்போதுதான் மதியம் ஆகும். பேத்தி மெலான்காவுக்கு அஞ்சு வயசு, கதை இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. என் மகள் தமயந்திக்கு நாலு வயசு, அவளும் பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள், ஒரு வார்த்தை புரியாது, ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் சரியாகப் பயப்படுவாள். பராஸ்காவின் குரல் கரகரவென்று, அம்மிக்கல்லை நகர்த்துகிற மாதிரி வரும். கேட்டுக்கொண்டே அக்கா எனக்குத் தமிழில் சொல்லுவாள்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம், கதையைப் பனிக்காலத்தில் மட்டும்தான் சொல்லுவார்களாம். வெயில் காலத்தில் சொன்னால் கதைக்குக் கால் முளைத்து வாசலுக்கு வந்துவிடுமாம். "இந்த ஊர்ல பனிக்காலமே கிடையாதே, பிள்ளை எப்பதான் சாப்பிடறது?" என்று அக்கா போனில் கேட்டிருக்கிறாள், பராஸ்கா சரி, சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டாள். பிள்ளை பசிக்கு முன்னால் வழக்கம் என்ன பெரிய வழக்கம். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அன்றைக்குச் சொன்ன கதை இது. பனியில் மூடின ஊரில் ஒரு பொம்பளை, ரெண்டு பிள்ளை, அடுப்பில் ஒரு ரொட்டி. வாசலுக்கு ஓநாய் வந்து, ஒரு பிள்ளையைக் கொடு என்கிறது. ரொட்டி வேகட்டும், பிள்ளைக்குக் கடைசியாக ஒரு வாய் கொடுத்துவிட்டு அனுப்புகிறேன் என்கிறாள் அவள். ஓநாய் உட்காருகிறது. வெந்துவிட்டதா என்கிறது. வெந்தது, ஆறட்டும் என்கிறாள். ஆறிவிட்டதா என்கிறது. இன்னும் இல்லை. ஆறிவிட்டதா. இன்னும் இல்லை. மெலான்கா சோற்றை விழுங்க மறந்து கேட்டுக்கொண்டிருக்க, பராஸ்கா குரலைத் தாழ்த்தி, ஓநாய் எழுந்து நின்றது, முதுகில் பனி, வாயில் பசி, அப்போது அந்தப் பொம்பளை, என்றாள். அதோடு போன் அறுந்துவிட்டது.

ரெண்டு நாள் கழித்து அக்கா ஊர்க்காரர் ஒருத்தர் செய்தி அனுப்பினார். அம்மா வீடு இல்லை, அடுப்பு மட்டும் நிற்கிறது என்று.

அந்தச் செய்தி வருவதற்கு முன்னாலேயே ஓநாய் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது.

முதலில் நாய்கள் குரைத்தன, அப்புறம் பழகிவிட்டன. எங்கள் ஊர் ஆட்களும் அப்படித்தான். ராஜபாளையத்து நாய் என்றார் ஒருத்தர், வெள்ளைக்காரி கொண்டுவந்த ஜாதி என்றார் இன்னொருத்தர், வனத்துறையிலிருந்து வந்தவர் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து இது நம்ம மாவட்டப் பட்டியலில் இல்லை என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார். அது யாரையும் கடிக்கவில்லை, யாரையும் ஏறிட்டும் பார்க்கவில்லை. வீட்டுக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே வானம் நீலமாக எரிந்துகொண்டிருக்க, அதைச் சுற்றி மட்டும் பனி, மாவு சலிக்கிற மாதிரி, நிற்காமல் விழுந்தது.

மூன்றாம் நாள் என் மாமியார் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். ரெண்டு கையாலும் பனியை அள்ளி வஞ்சிரத்துக்கு மேலே போட்டாள். ஓநாய் திரும்பவில்லை. சாயங்காலம் வரைக்கும் மீன் அப்போதுதான் வலையிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். மறுநாள் தெருவே கூடையோடு நின்றது, ஐஸ் வண்டிக்காரர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பிப் போனார், வேர்க்குரு வந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து பனியில் புரட்டினார்கள், சோடாப் புட்டிகளைப் புதைத்தார்கள், ஊர்ப் பஞ்சாயத்து நாட்டார் தணிகாசலம் மைக் வைத்து எந்தத் தெரு எந்த நேரத்துக்கு என்று முறை போட்டார், யாரோ ஓநாய்க்கு ஒரு மாலையும் போட்டார்கள். ஐஸ்காரர் என்று மரியாதையாகப் பேர் வைத்தார்கள். "ஐஸ்காரர் நல்லா இருக்காரா?" என்று குசலம் விசாரித்துக்கொண்டார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை.

உள்ளே மெலான்கா வாசப்படிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஓநாய் நாழிகைக்கு ஒரு தரம் அவள் பாஷையில் கேட்கும், ரொட்டி ஆறிவிட்டதா என்று. அவள் "ஷ்சே நி" என்பாள். இன்னும் இல்லை. அது மறுபடி உட்காரும். சொல்லாமல் விட்டால் எழுந்துவிடும், ஒரு கால் முன்னால் வைக்கும். விடிந்ததிலிருந்து அவளுக்குக் கண் சொருகுகிற வரைக்கும் அதே கேள்வி, அதே பதில். பிள்ளை தூங்கினால்தான் அதுவும் தூங்கும். ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் அவள் வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு வந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் அவளிடம் ஒரு வார்த்தை குறைந்தது. முதல் வாரத்தில் தண்ணீர் என்று கேட்டாள், ரெண்டாம் வாரத்தில் கையைக் காட்டினாள். விரல் நகங்கள் நாவல் பழ நிறத்துக்கு வந்தன. நாற்பது டிகிரி வெயிலில் நான் அந்தப் பிள்ளைக்குக் கம்பளி சுற்றினேன்.

யாரினா அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு. அடுப்பை மூட்டவில்லை. திட்டவுமில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் காலடியில் உட்கார்ந்து கேட்டேன், எனக்கே கேட்காத குரலில்.

"அக்கா, முடிவு உனக்குத் தெரியாதா?"

"முடிவுன்னு ஒண்ணு கெடையாதுடி. எங்கம்மாவுக்கு அவ பாட்டி ஒரு மாதிரி சொன்னா, எனக்கு எங்கம்மா வேற மாதிரி சொன்னா. வெளஞ்சதையெல்லாம் சர்க்காரு ஆளுங்க வண்டியில ஏத்திப் புடுங்கினு போனாங்களே, அந்தப் பஞ்சத்துல என் கொள்ளுப்பாட்டி சொன்ன கதையில ரொட்டியே இல்ல. அடுப்புல செங்கல்ல வெச்சுட்டு வேகுது வேகுதுன்னு சொன்னா அந்தப் பொம்பள. யாரு வாசல்ல ஓநாய் நிக்குதோ அவதான் முடிக்கணும். பாட்டிங்க குடுத்துட்டுப் போறது ஓநாய மட்டும்தான்."

"அப்ப நீ முடிச்சுடுக்கா. பிள்ளை வெறைச்சுப் போவுது."

"முடிக்க மாட்டேன். எங்கம்மா 'அப்போது அந்தப் பொம்பளை'ன்னு சொல்லி நிறுத்தியிருக்கா. இன்னும் சொல்லிக்கினு இருக்கா. நான் முடிச்சா அவ செத்துடுவா."

அவங்க செத்துட்டாங்கக்கா என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அந்தத் துணியின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது, இப்போது நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது.

மாமியாரிடம் போய் நின்றேன். அவளுக்காவது சொல்லலாம் என்று.

"அத்தை, அந்தப் பிள்ளை..."

"பிள்ளைக்கு இன்னாடி? நெழல்ல உக்காந்துகினு ரெண்டு வார்த்தை சொல்லுது. நான் உன் வயசுல கருவாட்டுக் கூடையைத் தூக்கினு எட்டு மைல் நடந்தேன்."

"அது எழுந்து உள்ள வந்துடும் அத்தை."

"எங்க வந்துது? முப்பது நாளா உக்காந்துகினுதான் கீது. நல்ல ஜீவன். நீ ஏதாவது செஞ்சு கெடுத்துவெச்சே, வீட்டுப் பக்கம் வராத."

நடுவில் பட்டணத்திலிருந்து ஒருத்தர் வந்தார், நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ச்சி பண்ணுகிறவராம், கழுத்தில் கேமரா. ஓநாய் என்றால் குளிர்காலம், ரொட்டி என்றால் தாய்மண், வாசப்படி என்றால் ஏதோ ஒன்று, எனக்கு மறந்துவிட்டது. பாட்டிமார்கள் கட்டிக்காத்த பொக்கிஷம் என்று நாட்டாரிடம் சொன்னார், நாட்டார் ஆமாம் ஆமாம் என்றார். போட்டோவில் நான் விழுகிறேன் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொன்ன மனுஷன் அந்தப் பிள்ளை உதடு நீலமாக இருந்ததற்கு என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொக்கிஷமாம். அடுப்பில் செங்கல் வைத்தவளைப் போய்க் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அது பொக்கிஷமா, இல்லை இன்னும் ஒரு நாள் பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்கச் சொன்ன பொய்யா என்று.

முப்பத்தாறாம் நாள் மத்தியானம், சரியாக மூன்று மணிக்கு, ஓநாய் கேட்டது. மெலான்கா வாயைத் திறந்தாள், மூச்சு வந்தது, வார்த்தை வரவில்லை. அவளிடம் மிச்சமிருந்தது அந்த ரெண்டு வார்த்தைதான், அதுவும் தீர்ந்துவிட்டது. ஓநாய் எழுந்தது. ஒரு காலை எடுத்து வைத்தது. நான் கொல்லைப் பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்தேன், ஓடி வருவதற்குள் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"ஷ்சே நி."

என் மகள் தமயந்தி. மெலான்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டிருந்தாள். ஓநாய் அவளைப் பார்த்தது, புதுசாக ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி, திருப்தியாக, திரும்ப உட்கார்ந்தது. என் பிள்ளை வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

வெளியே என் மாமியார் கூடையோடு நின்று இதைப் பார்த்தாள். பேத்தி அவளுக்கு, மகன் பெற்ற பேத்தி. "இதுவும் நல்லதுக்குத்தான்" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம். "ரெண்டும் மாத்தி மாத்திச் சொல்லட்டும். ஆடி வரைக்கும் தாங்கும்."

எனக்குள்ளே என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. முந்தானை வாயிலிருந்து விழுந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலமே மாவு பிசைந்தேன், ரொட்டி வேகும் வரைக்கும் தமயந்திதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. காலையில் சவுக்கு விறகைக் கட்டுக் கட்டாகப் பின்வாசல் வழியாக இழுத்து வந்து அடுப்பில் திணித்தேன். முப்பத்தேழு நாளாக நாங்கள் எல்லாருமே பின்வாசல் வழியாகத்தான் போனோம் வந்தோம், முன்வாசலை ஓநாய்க்கும் பிள்ளைக்கும் விட்டுவிட்டோம். மூட்டும்போதுதான் எனக்கு அது உறைத்தது. எங்கள் வீடுகளில் வாசப்படியில் நின்று ஒரு தீப்பெட்டி கூடக் கொடுக்க மாட்டோம், வாங்க மாட்டோம், ஒன்று உள்ளே வா, இல்லை நான் வெளியே வருகிறேன் என்போம். அக்கா ஊரிலும் அதே வழக்கம்தான், வாசப்படிக்கு மேலே கை கொடுக்கக் கூட மாட்டாள், முதல் நாளே நான் அதைப் பார்த்து, அட நம்மாள் என்று நினைத்தேன். அப்படி இருக்க, முப்பத்தேழு நாளாக ஒரு பிள்ளை உள்ளேயிருந்து வாசப்படிக்கு மேலே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது, அது வெளியேயிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளேயுமில்லை, வெளியேயுமில்லை. எப்படி முடியும்?

அடுப்பு உறுமியது. வீடு முழுக்க அனல். அக்கா சுவரிலிருந்து திரும்பினாள்.

"இன்னா பண்றே?"

"ரொட்டி சுடறேன்."

"எவ சொன்னா உன்னை?"

"எவளும் சொல்லல."

ஒரு பிடி மாவை அடுப்புக்குள் வீசினேன். ஒன்று, ரெண்டு என்று எண்ணினேன். அஞ்சுக்கே கறுத்தது. சூடு அதிகம். அதுதான் எனக்கு வேண்டும். மாவைத் துடுப்பில் வைத்து உள்ளே தள்ளினேன். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்தேன், கறுப்பாக, பெரிசாக, உள்ளே தணல் வைத்துக் கட்டின மாதிரி.

ஓநாய் கேட்டது. தமயந்தி வாயைத் திறந்தாள். நான் அவள் வாயைக் கையால் பொத்தினேன். ரெண்டு பிள்ளைகளையும் பின்னால் இழுத்துப் போட்டேன். துடுப்பை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசப்படியைத் தாண்டி, அந்தப் பக்கம், பனிக்குள் வெறுங்காலோடு இறங்கினேன்.

தெரு முழுக்கக் கூடையோடு நின்றது. நாட்டார் மைக்கைக் கையில் வைத்திருந்தார். "ஏம்மா, உன் தெரு முறை இப்ப இல்லியே" என்றார்.

"அப்போ அந்தப் பொம்பள எழுந்திரிச்சா" என்று சொன்னேன். என் குரல் எனக்கே தெரியவில்லை, அது எல்லா வீட்டுக்கும் கேட்டது. "எழுந்திரிச்சு, இவ்ளோ நாளா உள்ள உக்காந்து இல்ல இல்லன்னு சொன்னவ, வாசப்படியத் தாண்டி வெளிய வந்தா."

"பூங்கா, வேணாண்டி!" உள்ளேயிருந்து அக்கா கத்தினாள்.

"வெளிய வந்து, ஆறிடுச்சுன்னு சொன்னா. நல்லா ஆறிடுச்சு, வாயத் தொறன்னு சொன்னா."

முப்பத்தேழு நாள் காத்திருந்த ஓநாய்க்கு அதுதான் வேண்டியிருந்தது. வாயைத் திறந்தது. உள்ளே இருட்டும் பல்லும் பனியும். துடுப்போடு சேர்த்து அந்த ரொட்டியை அதன் தொண்டைக்குள் தள்ளினேன். தள்ளும்போது என் பிள்ளையின் வெள்ளை மூச்சை நினைத்தேன், அக்காவின் அம்மாவை நினைத்தேன், நின்றுகொண்டிருக்கிற அந்த ஒற்றை அடுப்பை நினைத்தேன், கூடைகளையும் நினைத்தேன், ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளினேன். அது விழுங்கிவிட்டது. ஒரு கணம் என்னைப் பார்த்தது, இதை நீ பண்ணக்கூடாது என்கிற மாதிரி. அப்புறம் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் ஆவி வந்தது, முதுகுப் பனி சரிந்தது, கால் கரைந்தது, வால் கரைந்தது, மாலை மட்டும் சேற்றில் விழுந்தது. மணலில் ஓநாய் அளவுக்கு ஒரு ஈரம் இருந்தது. டீ போடுகிற நேரத்துக்குள் அதுவும் காய்ந்துவிட்டது.

யாரினா அக்கா வாசப்படியைத் தாண்டி வந்து என் கன்னத்தில் அறைந்தாள். "எங்கம்மாவக் கொன்னுட்டடி" என்றாள். "ஆமாக்கா, செத்துட்டாங்க" என்றேன். அவள் அப்படியே என் மேல் சரிந்து, அந்த மணலில் உட்கார்ந்து, அழுதாள். முப்பத்தேழு நாள் அழாததைச் சேர்த்து, அவள் பாஷையிலும் எங்கள் மீன் ஏலத் தமிழிலும், குண்டு போட்டவனின் ஏழு தலைமுறையையும் பேர் சொல்லி அழுதாள். எங்கள் ஊர்ப் பொம்பளைகள் ஒப்பாரி தெரிந்தவர்கள், ஒருத்தி கூட வந்து தோளைப் பிடிக்கவில்லை. கூடைக்குள் இருந்த பனி தண்ணீராகி ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெலான்கா ரெண்டு நாள் தூங்கினாள். எழுந்து சூடாகக் கஞ்சி குடித்துவிட்டு, அம்மாவைப் பார்த்து, முதல் வார்த்தையாக, "அப்புறம்?" என்றாள். தமிழில் கேட்டாள்.

இப்போது மூன்று மணிக்கு அக்காதான் கதை சொல்கிறாள், வெயிலாவது காலமாவது, எது வேண்டுமானாலும் வாசலுக்கு வரட்டும் என்கிறாள். மாமியார் என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் ஒருத்தி சொன்னாள், "ஆடி வரைக்கும் வுட்டிருக்கலாம், நல்லா இருந்துது" என்று. "உன் பிள்ளைய உக்கார வெச்சிருப்பியா?" என்று கேட்டேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஊமைக் கோட்டான் என்று இப்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை, வேறு பேர் வைத்திருக்கிறார்கள், அதை எழுத மாட்டேன்.

தமயந்தி ஒரு நாள் என் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, அந்த ஓநாய் கதை எப்படி முடியும்?"

அவள் கண்ணாலேயே பார்த்தாள், இருந்தும் கேட்கிறாள். உன் வாசலில் எப்படி முடியுமோ, தெரியாது என்று சொன்னேன். அவளை எழுப்பி அடுப்புக்கு முன்னால் நிறுத்தி, குட்டிக் கையில் ஒரு பிடி மாவைக் கொடுத்து, உள்ளே வீசச் சொன்னேன். கறுக்கிற வரைக்கும் எண்ணு என்றேன். அவளுக்குப் பத்துவரை தெரியும். எண்ணினாள்.